பிள்ளையார் காத்த அவசர வாசல்

கதவு என்பது திறப்பதற்காகச் செய்யப்படுகிற சாமான் என்றுதான் மேரிசுகந்தி வெகுகாலம் நம்பியிருந்தாள். நாரந்தனைக்கு அப்பால், கடற்கரையோடு நிற்கிற நிமலன் முதலாளியின் நண்டுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன பிறகுதான், பூட்டி வைத்துக் கும்பிடுவதற்கும் கதவு செய்யலாம் என்பது அவளுக்குத் தெரியவந்தது.

அங்கே நடக்கிற வேலை ஒன்றும் பெரிய வித்தையல்ல. தீவுப்பகுதிக் கடலில் பிடிபடுகிற நண்டு காலையில் வந்து இறங்கும். அதை அவித்து, ஆறவைத்து, நீள மேசைகளில் கொட்டுவார்கள். மேசையின் இரு பக்கமும் நிற்கிற பெண்கள் ஓட்டை உடைத்து, சதையை முறியாமல் எடுத்து டப்பாவில் அடைக்க வேண்டும். டப்பா கொழும்புக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி, ஐரோப்பாவில் ஏதோ ஒரு பெரிய கடையின் கண்ணாடி அலுமாரிக்குள் போய்க் குந்திக்கொள்ளும்.

அதை வாங்கித் தின்கிற சனம் நல்ல சனம். தின்னும்போது மனம் உறுத்தக் கூடாது என்பதில் அவர்களுக்கு மிகுந்த அக்கறை. அதனால் சினை நண்டு வலையில் பட்டால் திருப்பிக் கடலில் விட்டுவிட வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களை என்ன செய்வது என்பதற்கும் அதே சட்டத்தில் ஒரு பக்கம் இருந்ததாம். அந்தப் பக்கம் மட்டும் இன்னும் தமிழில் வந்து சேரவில்லை.

நிமலன் முதலாளி நயினாதீவுக்காரர். தகப்பனார் தம்பு ஒரு காலத்தில் தெற்கே காலி நகரத்தில் கடை வைத்திருந்தவர். மகன் கனடாவுக்குப் போய்ப் பனியில் நின்று உழைத்து, ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று திரும்பி வந்து, ஊரை நண்டு உடைக்க வைத்தார். ஆள் சுத்த சைவம். நண்டை விற்பது வியாபாரம், தின்பது பாவம் என்பதில் அவருக்குக் குழப்பமே கிடையாது. தொழிற்சாலைக்குள் வரும்போதெல்லாம் சந்தனம் தொட்ட கைலேஞ்சியை மூக்கில் பிடித்துக்கொண்டுதான் வருவார்.

மாசி மாதத்தில் ஒருநாள் ஐஸ் இயந்திரத்தின் குழாய் வெடித்து அமோனியாக் காஸ் உள்ளே பரவியது. கண் எரிந்தது, தொண்டை எரிந்தது. பெண்கள் எல்லோரும் முன்வாசலுக்கு ஓடினார்கள். ஓடுவதற்கு அந்த ஒரு வாசல்தான் இருந்தது. அந்த வாசலும் ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய ஒடுக்கமான வழி. நண்டுச் சதை பெண்களின் சட்டைக்குள் ஒளிந்து வெளியே போய்விடுகிறது என்று முதலாளிக்கு ஒரு சந்தேகம். ஆகவே ஒவ்வொருத்தியாக நின்று, உடம்பைத் தடவிப் பார்க்கக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேறலாம். அன்றைக்கும், பின்னால் காஸ் புகைந்து வரும்போதும், காவல்காரர் சில்வெஸ்ரர் பழக்கதோசத்தில், "வரிசையா வாங்கோ, வரிசையா வாங்கோ" என்று கையை விரித்துக்கொண்டு நின்றார். அவரைக் குறை சொல்லி என்ன செய்வது. அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே வேலை அதுதான்.

அந்த நெரிசலில் விழுந்தவள் அம்பிகை. மேசையில் மேரிசுகந்திக்குப் பக்கத்தில் நிற்கிறவள், இழுப்பு வந்தால் மூச்சு எடுக்க ஏலாத முட்டு வருத்தக்காரி. முகம் நீலம் பாரித்துப்போய்க் கிடந்தவளை மேரிசுகந்திதான் இழுத்து வெளியே போட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கதைக்க முடிந்தபோது அம்பிகை சொன்ன முதல் வார்த்தை மேரிசுகந்தியின் நெஞ்சில் தைத்துவிட்டது.

"அடுத்தமுறை எனக்கு அவ்வளவு தூரம் வர ஏலாது அக்கா."

எங்கள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதவு வேண்டும். அன்று தொடக்கம் மேரிசுகந்திக்கு வாயைத் திறந்தால் அந்தக் கதைதான்.

கதவு வந்தது. முதலாளி கொடுத்ததல்ல. காஸ் விசயம் எப்படியோ கடல் கடந்து போய், வாங்குகிற கடைக்காரர்களுக்குத் தெரிந்து, அவசர வாசல் இல்லாவிட்டால் நண்டு வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய பொறியியலாளர் கீறி அனுப்பிய படத்தின்படி பின்சுவரை வெட்டி, சிவப்புப் பெயின்ற் அடித்த கதவு ஒன்று பொருத்தப்பட்டது. மேலே பச்சை நிறத்தில் ஓடுகிற மனிதனின் படமும் மாட்டியாயிற்று. மேரிசுகந்தி அந்தக் கதவைத் திறந்து மூடித் திறந்து பார்த்துவிட்டு, அன்றைக்கு அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள்.

அவளுடைய சந்தோசம், மனை பார்க்கிற சாத்திரியார் வந்து போகும்வரைதான் நீடித்தது. சாத்திரியார் திசை பார்த்துவிட்டுத் தலையிலே கையை வைத்தார். வெள்ளைக்காரன் கதவை வெட்டச் சொன்ன இடம் சரியாகக் கன்னிமூலை. கன்னிமூலையில் வாசல் வைத்தால் கட்டடத்துக்குள் இருக்கிற இலட்சுமி எழும்பி நடந்து போய்விடுவாள். கதவை அடைத்துப் பிள்ளையாரை இருத்தினால் மட்டுமே மறிக்கலாம்.

நிமலன் முதலாளி இரண்டு பக்கத்துக்கும் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டார். வெள்ளைக்காரனுக்குக் கதவு, சாத்திரியாருக்குப் பூட்டு. கதவுக்கு முன்னால் அச்சில் வார்த்த சீமெந்துப் பீடம் ஒன்றை வைத்து, கைக்கடக்கமான கருங்கல் பிள்ளையாரை இருத்தினார். ஓடுகிற மனிதன் பிள்ளையாரின் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தான்.

தொழிலாளர் நலன் அலுவலராக இருந்த கஜாலினி, பட்டம் படித்த பிள்ளை. அவள் முதலாளியிடம் போய், வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் வேதக்காரர், பிள்ளையாரை மட்டும் வைத்தால் பாகுபாடு என்று எழுதிவிடுவார்கள் என்றாள். முதலாளி யோசித்தார். பீடத்துக்குப் பக்கத்தில், கதவோடு அணைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தோனியாரும் வந்து நின்றார். தொலைந்த சாமானைத் தேடித் தருகிற புனிதர் அவர். பூட்டைத் திறக்கிற திறப்பை அவருடைய பெட்டிக்குப் பின்னால்தான் வைத்திருந்தார்கள்.

மேரிசுகந்திக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. முறைப்பாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் துண்டு எழுதிப் போடலாம். பெட்டி நிற்கிற இடம் முதலாளியின் கந்தோர். ஆர் போடுகிறார்கள் என்று அவர் கதிரையில் இருந்தபடியே பார்க்கலாம். மேரிசுகந்தி போட்டாள். முதலாளியின் முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வொரு கிழமையும் போட்டாள்.

இவளுக்கு ஒரு பதவி கொடுத்தால் அடங்கிவிடுவாள் என்று முதலாளிக்குப் பட்டது. கடல் கடந்த சட்டத்தின்படி தொழிலாளர் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே வாக்குப் போட்டுத் தெரிவுசெய்ய வேண்டும். முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, "மேரிசுகந்தி வேண்டாம் எண்டுறவை கையை உயர்த்துங்கோ" என்றார். நண்டுத் தண்ணீர் சொட்டுகிற கையை ஒருவரும் உயர்த்தவில்லை. தேர்தல் முடிந்தது. மேரிசுகந்திக்கு, பிரதிநிதி என்று எழுதி நெஞ்சில் குத்துகிற பட்டி ஒன்று கிடைத்தது.

அதற்குச் சில நாட்களில், வாங்குகிற கடைக்காரர்கள் அனுப்பி, மேற்பார்வைக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்தா. நல்ல மனுசி. எதைக் கண்டாலும் புன்னகைத்தா. தொழிலாளர் பிரதிநிதியைத் தனிமையில் சந்தித்து உண்மை கேட்க வேண்டும் என்பது விதி. மனுசிக்குத் தமிழ் தெரியாது, மேரிசுகந்திக்கு இங்கிலீசு தெரியாது. ஆகவே அந்தத் தனிமையில் மூன்றாவதாகக் கஜாலினியும் வந்து இருந்தாள்.

"பயப்பிடாமல் சொல்லுங்கோ அக்கா. நீங்கள் சொல்லுறது ஆருக்கும் தெரியவராது," என்றாள் கஜாலினி.

"அந்தக் கதவு பூட்டிக் கிடக்கு. பிள்ளையாரை வைச்சு அடைச்சிருக்கினம். இன்னொருக்காக் காஸ் வந்தால் அம்பிகை சாவாள். நான் சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ தங்கச்சி."

கஜாலினி சொன்னாள். மேரிசுகந்தி மூச்சுப் பிடித்துச் சொன்ன மூன்று வசனம், இங்கிலீசில் நீண்டு, வளைந்து, இடையிடையே சிரித்து, ஒரு பிரசங்கமாகப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைக்காரப் பெண்மணி நெஞ்சில் கையை வைத்தா. கண்கூடக் கொஞ்சம் கலங்கினமாதிரி இருந்தது. பிறகு எழும்பிப் போய்ப் பிள்ளையாரையும் அந்தோனியாரையும் படம் எடுத்தா.

நிமலனின் தொழிற்சாலைக்குச் சமய நல்லிணக்கத்தில் அதியுயர் புள்ளி கிடைத்தது. இரண்டு சமயத்துத் தெய்வங்களும் ஒரே கதவைக் காத்து நிற்கிற படம் அந்தக் கடைக்காரர்களின் இணையத்தளத்தில், நண்டுச் சதையின் விலைக்கு மேலே வெளிவந்தது.

"நீர் என்ன சொன்னனீர் அவவுக்கு?" என்று மேரிசுகந்தி கஜாலினியை மறித்தாள். 'தங்கச்சி' போய் 'நீர்' வந்துவிட்டது.

"அவசர வாசலுக்கு முன்னாலை பிள்ளையார் இருக்கிறார், தொழிலாளருக்கு அதிலை பெரிய உணர்ச்சி எண்டு சொன்னனான். பொய்யில்லைத்தானே."

மேரிசுகந்தி வழியை விடவில்லை. கஜாலினி குனிந்தபடி, "பட்டம் எடுத்துப்போட்டு வருசக்கணக்கா வீட்டிலை இருந்தனான் அக்கா. எனக்கு இது முதல் வேலை," என்றாள். அதற்கு மேல் அவளைத் திட்ட மேரிசுகந்திக்கு மனம் வரவில்லை. அதுவும் ஒரு எரிச்சல்.

ஆனி மாதம் பிறந்தது. நயினாதீவில் அம்மன் கோயில் கொடியேறிவிட்டது. குறிகட்டுவானுக்குப் போகிற பஸ்ஸெல்லாம் காவடியும் அர்ச்சனைத் தட்டுமாக நிரம்பி வழிந்தது. முதலாளி விரதம். ஒருநேரச் சாப்பாடு, நெற்றி நிறைய விபூதி, வாய் ஓயாமல், நாகத்தை நகையாகப் பூண்ட நாகபூசணி அம்மாளின் பெயர்.

அப்படி ஒருநாள் மத்தியானம், வெப்பக் காற்றை வெளியே தள்ளுகிற விசிறி நின்றுபோனது. நண்டு அவிகிற ஆவி கூடம் முழுக்க மூடிக்கொண்டது. அம்பிகைக்கு முட்டு எழும்பிவிட்டது. தொப்பி கழன்று விழ, கூந்தல் அவிழ்ந்து தொங்க, காற்றுத் தேடித் தேடித் தடுமாறிப் போய் அவள் பிள்ளையாரின் பீடத்தைக் கட்டிப் பிடித்தாள். உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. மூச்சு உள்ளே போகமாட்டாமல் 'ஸ்ஸ்... ஸ்ஸ்...' என்று இழுத்தது. மூச்சு இழுக்கிற பம்ப் அவளுடைய பையில். பை முன்வாசலில், சில்வெஸ்ரரின் காவலில். உள்ளே பை கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். மேரிசுகந்தி பக்கத்தில் நின்ற இராசேஸ்வரியை அதை எடுத்துவரக் கலைத்துவிட்டு, அம்பிகையைத் தாங்கிப் பிடித்தாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார்.

அவர் கண்டது என்ன? ஆவி மண்டிய கூடம். பிள்ளையாரின் காலடியில் தலைவிரி கோலமாக ஆடுகிற ஒரு பெண். பாம்பு சீறுகிற சத்தம். அதுவும் திருவிழாக் காலம். அதுவும் வெறும் வயிறு. நயினாதீவில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு வேறு என்ன தோன்றும். கைலேஞ்சி கைநழுவி விழுந்தது. நண்டுத் தண்ணீர் ஓடுகிற தரையில், வெள்ளை வேட்டியோடு, சைவப் பழமான நிமலன் முதலாளி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தாயே, வந்திட்டியா தாயே. என்ன குறை வைச்சனான், சொல்லு."

அம்பிகைக்கு மரியாதை பார்க்க மூச்சில் இடமில்லை. "க... தவை... திற..." என்றாள்.

"ஆ?" என்றார் முதலாளி தரையில் கிடந்தபடி.

மேரிசுகந்தி ஒரே ஒரு கணம்தான் யோசித்தாள். தான் வேதக்காரி என்பதும், பொய் சொல்வது பாவம் என்பதும் அவளுக்குத் தெரியும். அம்பிகையின் உதடு நீலமாவதும் தெரிந்தது. பாவசங்கீர்த்தனம் பிறகு செய்துகொள்ளலாம்.

"அம்மாளாச்சிக்கு இதுக்குள்ளை மூச்சு முட்டுதாம் ஐயா. பின்கதவைத் திறக்கட்டாம்."

முதலாளி எழும்பிய வேகத்தை அதற்கு முன்னும் பின்னும் ஒருவரும் கண்டதில்லை. அந்தோனியாரின் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் திறப்பை எடுத்து, பெட்டியை ஒரு பக்கம் ஒதுக்கினார். "மன்னிச்சுக்கொள் அப்பனே" என்று பிள்ளையாரை அணைத்துத் தூக்கி ஓரமாக இறக்கினார். பீடத்தைக் காலால் உதைத்துத் தள்ளினார். கதவு திறந்தது. கடற்காற்று குப்பென்று உள்ளே வந்தது. அம்பிகையின் நெஞ்சு மெல்ல ஏறி இறங்கத் தொடங்கியது. இராசேஸ்வரியும் பம்போடு வந்து சேர்ந்தாள். மேரிசுகந்தி அதைத் தன் கைக்குள் மறைத்து, தீர்த்தம் பருக்குகிற பாவனையில் அம்பிகையின் வாயில் வைத்து அமுக்கினாள்.

அம்பிகை தப்பிவிட்டாள் என்று கண்டதும் மேரிசுகந்திக்குத் துணிச்சல் வந்துவிட்டது. அம்பிகையின் வாயருகே காதைக் கொண்டுபோய், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

"நாள் முழுக்க நிண்டு கால் உளையுதாம் ஐயா. இருக்கக் கதிரை வேணுமாம்."

"ஓம் தாயே, ஓம்."

"உடம்பைத் தடவிப் பார்க்கிறது பிடிக்கேல்லையாம்."

"ஐயோ, ஆர் தொட்டது. இனித் தொடமாட்டினம் தாயே."

"கக்கூசுக்குப் போக ஆரிட்டையும் கேட்கத் தேவையில்லை எண்டு சொல்லுறா."

முதலாளி இந்த இடத்தில் கொஞ்சம் தயங்கினார். பிறகு அதற்கும் ஓம் என்றார். மாதக்கணக்காய் முறைப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டதெல்லாம் ஒரு மூச்சில் நிறைவேறிவிட்டது என்று மேரிசுகந்திக்குத் தலைகால் தெரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் அவள் தானாகச் சிரித்துக்கொண்டு போனாள்.

நிமலன் முதலாளி சொன்ன சொல் தவறாத மனிதர். கேட்டதை எல்லாம் கொடுத்தார். கேட்டவர்களுக்குக் கொடுத்தார்.

கதிரை கேட்டது அம்மாளாச்சி. ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்து தேக்கங் கதிரை ஒன்று வந்தது. பட்டு விரித்து, பூச்சாத்தி, கதவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதில் ஒருவரும் இருக்கக் கூடாது. உடம்பைத் தொடக் கூடாது என்று சொன்னதும் அம்மாளாச்சி. ஆகவே அம்மாளாச்சியை ஒருவரும் தொடுவதில்லை. பெண்களைத் தடவிப் பார்ப்பது முன்போலவே நடந்தது. கக்கூசு பற்றி அம்மாளாச்சி சொன்னதை மட்டும், தெய்வம் அப்படியெல்லாம் கதைக்காது என்று சொல்லி விட்டுவிட்டார்.

கதவு திறந்தே கிடந்தது. பிள்ளையாருக்குப் பக்கச் சுவரோரம் புதுப் பீடம் கட்டி, அந்தோனியாரின் பெட்டியையும் அங்கே நகர்த்தியாயிற்று. கதவின் நிலையில் மஞ்சளும் குங்குமமும் பூசி, மேலே வெள்ளியில் ஐந்துதலை நாகம் பதித்து, மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. அம்மாளாச்சி எழுந்தருளிய வாசல். வெள்ளிக்கிழமைகளில் புங்குடுதீவிலிருந்தும் ஆட்கள் வந்து வெளிப்பக்கமாக நின்று கும்பிட்டார்கள். வாசலுக்குக் குறுக்கே சிவப்புக் கயிறு. கயிற்றில் ஒரு மட்டை தொங்கியது. 'மச்சம் தொட்ட கையோடும் சப்பாத்துக் காலோடும் இவ்வாசலால் போக வேண்டாம்.'

அந்தக் கூடத்தில் மச்சம், அதாவது மீனோ நண்டோ, தொடாத கை முதலாளியுடையது மட்டும்தான்.

"இது என்னடி விளையாட்டு," என்று மேரிசுகந்தி மேசையில் பொரிந்து தள்ளினாள். ஆனால் இந்த முறை அவளோடு சேர்ந்து பொரிய ஆளில்லை. சைவக்காரப் பெண்களுக்கு முதலாளி சொன்னது நியாயமாகவே பட்டது. அவர்கள் வீட்டில் நண்டு காய்ச்சிய நாளில் சாமி அறைப் பக்கம் போகிறவர்கள் அல்ல. "கோயில் வாசலாலை நண்டுக் கையோடை போறதே," என்றாள் இராசேஸ்வரி. வேதக்காரப் பெண்கள், மற்றச் சமயத்து விசயத்தில் நாங்கள் தலையிடக் கூடாது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். நல்லிணக்கம் அப்படி வேலை செய்தது.

அம்பிகையும் மாறிப்போனாள். போகிற வருகிற பெண்கள் அவளுடைய காலைத் தொட்டுக் கும்பிடத் தொடங்கியிருந்தார்கள். அவள் வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தாள், நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்தாள். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது மேரிசுகந்தி பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"அண்டைக்கு வந்தது உன்ரை முட்டு அம்பிகை. நான்தானே பம்ப் அடிச்சனான். அம்மாளாச்சிக்கு ஏன் பம்ப்?"

அம்பிகை கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இருக்கலாம் அக்கா. ஆனால் நான் சொன்னதை ஒருத்தர் கேட்டது அண்டைக்குத்தான். அது என்ரை வருத்தமெண்டு நீங்கள் சொன்னால், பேந்து எனக்கு ஒண்டும் இல்லை."

மேரிசுகந்திக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. அம்பிகை மேல் அல்ல, தன்மேல்தான். கதவைத் திறந்தது தான் என்று மார்தட்டியிருந்தாள். அந்தக் கதவை அம்பிகை இனிமேல் தன் காலால் தாண்டப் போவதில்லை. முன்னர் பூட்டுத்தான் தடுத்தது. பூட்டை உடைக்கலாம். இப்போது கிடக்கிறது ஒரு கயிறு. அதை அவிழ்க்க ஒருத்திக்கும் கை வராது.

ஐப்பசியில் வெள்ளைக்காரப் பெண்மணி திரும்பவும் வந்தா. அகலத் திறந்து கிடக்கிற அவசர வாசலைக் கண்டு மனம் நிறையப் புன்னகைத்தா. கயிற்றில் தொங்கிய மட்டையைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டா. சுத்தமாக இருக்கச் சொல்லி எழுதியிருக்கிறது என்று கஜாலினி விளங்கப்படுத்தினாள். அதற்கும் ஒரு புள்ளி விழுந்தது.

பிறகு மனுசி, ஒருவரிடமும் சொல்லாமல், அபாய மணியை அழுத்திவிட்டா. முன்னறிவித்தல் இல்லாத ஒத்திகை. அது புதிதாக வந்த விதி.

மணி அலறியது. பெண்கள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பின்கதவு கைக்கெட்டிய தூரத்தில் அகலத் திறந்து கிடந்தது. அதற்குப் பக்கத்து மேசையில் நின்றவர்கள்கூட அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூடத்தின் முழு நீளத்தையும் கடந்து முன்வாசலுக்கு ஓடினார்கள். சில்வெஸ்ரர் கையை விரித்துக்கொண்டு நின்றார். "வரிசையா வாங்கோ." நெரிசல் தொடங்கியது. வெள்ளைக்காரப் பெண்மணி கையில் இருந்த கடிகாரத்தைப் பார்ப்பதா, திறந்த கதவைப் பார்ப்பதா என்று தெரியாமல் விழித்தா.

அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து மேரிசுகந்தி ஒரு சத்தத்தைக் கேட்டாள். 'ஸ்ஸ்... ஸ்ஸ்...' அம்பிகை.

இடித்துத் தள்ளிக்கொண்டு போய் அவளுடைய கையைப் பிடித்து, பின்கதவுக்கு இழுத்து வந்தாள். கயிற்றடிக்கு வந்ததும் அம்பிகை நின்றுவிட்டாள். இழுத்தும் அசையவில்லை.

"ஏலாது அக்கா. கை மச்சம்."

"மூச்சு எடுக்க ஏலாமல் நிக்கிறாய், வாடி வெளியிலை."

"அது அம்மாளாச்சியின்ரை வாசல்," என்று சொல்லிக்கொண்டே, மூச்சு இழுக்க இழுக்க, அம்பிகை குனிந்து றப்பர் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள்.

மேரிசுகந்திக்குள் ஏதோ அறுந்துபோனது. மாசி மாதத்திலிருந்து அடக்கி வைத்திருந்தது முழுவதும் வெளியே வந்தது. திரும்பி, கூடம் அதிரக் கத்தினாள். கத்திய வேகத்தில் தொப்பி கழன்று, கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது.

"இந்தக் கதவு எங்களுக்கு வெட்டின கதவு. அம்மாளாச்சிக்கு நண்டு உடைக்கிற வேலை இல்லை, அவவுக்கு மூச்சு முட்டாது. எங்களுக்குத்தான் முட்டுது. கயித்தை அவிழ்த்து விடு."

மணி நின்றிருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நிமலன் முதலாளியும் பார்த்தார். விரித்த கூந்தல், சிவந்த கண், தன்னைப் பார்த்து 'விடு' என்கிற வாய். அவருடைய இரண்டு கையும் தானாக எழும்பி நெஞ்சுக்கு நேரே கூப்பிக்கொண்டன.

"தாயே... நீ ஆர்?"

என்ன சொன்னால் என்ன நடக்கும் என்பது மேரிசுகந்திக்கு வடிவாகத் தெரிந்தது. அம்மாளாச்சி என்றால் போதும், கயிறு இந்தக் கணமே அவிழும். மாதா என்றாலும் அவிழும்; மனிதர் எல்லாத் தெய்வத்துக்கும் பயந்தவர். நாளைக்கு மாதாவுக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி வரும். அந்தப் பெட்டியும் இந்த வாசலில்தான் வந்து நிற்கும். தெய்வம் கேட்டால் தெய்வத்துக்குத்தான் கொடுப்பார்கள்.

"நான் மேரிசுகந்தி," என்றாள். "இரண்டாம் மேசை."

கூப்பிய கைகள் பிரிந்தன. நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கி, முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. முதலாளியின் முகத்தில் இருந்த பயமும் பக்தியும் வடிந்து, வழக்கமான முகம் வந்து சேர்ந்தது.

"நீரோ," என்றார். "உதிலை நிண்டு ஏன் கத்துறீர்? போய் வரிசையிலை நில்லும். நாளைக்கு வேலைக்கு வாறதைப் பற்றிப் பேந்து கதைப்பம்."

வெள்ளைக்காரப் பெண்மணி கஜாலினியின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டா. கஜாலினி முதலாளியைப் பார்த்தாள். கயிற்றடியில் குனிந்தபடி மூச்சுக்குத் தவிக்கிற அம்பிகையைப் பார்த்தாள். பிறகு பதில் சொன்னாள். இந்தமுறை அது நீளவில்லை, வளையவில்லை, அவள் சிரிக்கவுமில்லை. மேரிசுகந்தி சொன்ன அளவுதான் இருந்தது. வெள்ளைக்காரப் பெண்மணியின் புன்னகை முதல்தடவையாக முகத்தை விட்டுப் போனது.

மேரிசுகந்தி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கயிற்றின் முடிச்சு ஈரத்தில் இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்து, மட்டையோடு சேர்த்து ஒரு பக்கமாக எறிந்தாள். சப்பாத்துக் காலோடு நிலையைத் தாண்டி வெளியே போய் நின்று, உள்ளே கையை நீட்டினாள்.

அம்பிகை ஒரு சப்பாத்தைக் கழற்றி முடித்து, மற்றதில் கையை வைத்திருந்தாள். அவளுடைய மூச்சு சீறுகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. ஒருவரும் கும்பிடவில்லை.

"கழட்டாதை," என்றாள் மேரிசுகந்தி.

அம்பிகை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு, கழற்றி வைத்த சப்பாத்தை எடுத்துத் திரும்பவும் காலில் மாட்டிக்கொண்டு, நண்டு மணக்கிற கையால் மேரிசுகந்தியின் கையைப் பிடித்து வெளியே வந்தாள்.